எட்டுக்கு எட்டு

செவ்வந்தி குளிக்கப் போனால் கதவைச் சாத்துவாள், கொண்டி போடமாட்டாள். நாலைந்து சொம்பு தண்ணீர் ஊற்றியதும் வாளி விளிம்பில் சொம்பால் இரண்டு தட்டு தட்டுவாள். மறுபடி நாலைந்து சொம்பு, மறுபடி இரண்டு தட்டு. உள்ளே இருப்பவள் நன்றாக இருக்கிறாள் என்று வெளியே இருப்பவர்களுக்கு அதுதான் சேதி. தட்டுச் சத்தம் கேட்காமல் கொஞ்ச நேரம் போனால் அம்மா மாணிக்கம்மாள் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓடிவருவாள். குவார்ட்டர்ஸில் அடுத்த வீட்டுக்குப் புதிதாக வந்த ஒரு அம்மா, "தெனமும் இந்நேரத்துக்கு உங்க வூட்டுல பூசையாங்க?" என்று கேட்டாள். "ஆமாங்க, வெள்ளிக்கெழமைன்னா இன்னும் கொஞ்சம் நீளும்" என்று சொல்லி மாணிக்கம்மாள் அதைச் சமாளித்தாள்.

வலிப்பு வருகிறது என்பதை வெளியில் சொல்லக் கூடாது என்பது அந்த வீட்டின் சட்டம். சட்டம் போட்டவர் அப்பா ராயப்பன். பழுப்பு நிலக்கரி மைன்ஸில் பெர்மனன்ட் தொழிலாளி. பெண் பிள்ளை ஆயிற்றே, நாளைக்கு நாலு பேர் வந்து பார்க்க வேண்டுமே என்பது அவர் கவலை. யாராவது கேட்டால் தலைச்சுற்றல் என்று சொல்ல வேண்டும்.

எட்டாம் வகுப்பில் செவ்வந்தி காலைப் பிரார்த்தனையின்போது வரிசையிலேயே விழுந்தாள். யாரும் அவளைப் பள்ளிக்கூடத்துக்கு வராதே என்று சொல்லவில்லை. மறுநாள் பெஞ்சில் பக்கத்தில் உட்காருகிறவள் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாள். அதற்கு மறுநாளிலிருந்து செவ்வந்தி போகவில்லை.

போகாமல் வீட்டில் இருந்தவள்தான் தங்கை இசைப்பிரியாவை வளர்த்தாள். இரண்டு பேருக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். அக்கா தங்கையை வளர்த்தாள் என்றால் தங்கையும் அக்காவைப் பார்த்துக்கொண்டாள். நாலு வயதிலேயே, அக்கா விழுந்தால் தலையணையை இழுத்துக்கொண்டு ஓடிவந்து தலைக்கு அண்டை கொடுக்கத் தெரியும் அவளுக்கு. பிறகு காலண்டரில் அந்தத் தேதியில் சிவப்புப் பேனாவால் ஒரு புள்ளி வைப்பாள். ஏன் வைத்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. அதே காலண்டரில் அம்மா பென்சிலால் அப்பாவின் ஷிப்டை எழுதி வைத்திருப்பாள். ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் ராத்திரி.

ராயப்பன் 2010-இல் ஓய்வு பெற்றார். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு முத்தாண்டிக்குப்பத்தில் கட்டியிருந்த சின்ன வீட்டுக்குக் குடிபோனார்கள். சாமான் கட்டும்போது அலமாரித் தட்டுகளில் விரித்திருந்த பழைய காலண்டர் தாள்களைச் செவ்வந்தி உருவி எடுத்தாள். எடுத்தவள் அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். சிவப்புப் புள்ளிகள் காலை வாரத்திலும் மதிய வாரத்திலும் அங்கொன்று இங்கொன்றாக இருந்தன. ராத்திரி வாரத்தில்தான் மொய்த்துக் கிடந்தன.

"யம்மா, இங்க வாயேன். இதப் பாரு."

"இன்னாடி, மேட்டடோர் வண்டி வந்து நிக்குது, காயிதத்த வச்சிகினு ஒக்காந்துகினு கீற?"

"அப்பாவுக்கு நைட் ஷிப்ட்டுன்னா நமக்குச் சோறு எத்தினி மணிக்கு?"

மாணிக்கம்மாள் நின்று யோசித்தாள். நைட் ஷிப்ட் வாரத்தில் ராயப்பன் ஒன்பதேகால் பஸ்ஸுக்குப் போக வேண்டும். அதனால் ஏழு மணிக்கே சோறு. காலையில் ஏழு மணிக்கு வந்து படுப்பார். அவர் தூங்கும்போது வீட்டில் பாத்திரம் உருளக் கூடாது, யாரும் பேசக் கூடாது. அவர் எழுந்த பிறகு பத்தரை, பதினொரு மணிக்குத்தான் எல்லாருக்கும் சாப்பாடு. டாக்டர் சீட்டில் எழுதியிருந்தது 'காலை, இரவு, சாப்பாட்டுக்குப் பின்.' அந்த வீட்டில் சாப்பாடு என்றால் அப்பாவோடு சாப்பிடுவது. அதைத் தவிர வேறு அர்த்தம் அவர்களுக்குத் தோன்றவே இல்லை. அந்த வாரங்களில் ஒரு மாத்திரைக்கும் அடுத்த மாத்திரைக்கும் நடுவில் பதினாறு மணி நேரம் ஓடியிருக்கிறது. இருபது வருஷம்.

கடலூரில் நரம்பு டாக்டரிடம் செவ்வந்தி அந்தத் தாள்களைக் கொண்டுபோய்க் காட்டினாள். அதுவரை எந்த டாக்டரிடமும் யாரும் ஷிப்டைப் பற்றிச் சொன்னதில்லை. அவர் ஒவ்வொரு தாளாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சோறு முக்கியமில்லம்மா, மணிதான் முக்கியம். காலைல எட்டு, ராத்திரி எட்டு. எட்டுக்கு எட்டு. ஒழுங்கா தூங்கணும். அவ்வளவுதான்" என்றார்.

ராயப்பனும் கூட வந்திருந்தார். பஸ்ஸில் திரும்பும்போது வடலூரில் கைக்கடிகாரத்தைக் கழற்றி மகள் கையில் வைத்தார். ஓய்வு பெற்ற அன்று கூட வேலை செய்தவர்கள் வாங்கிக் கொடுத்த கடிகாரம் அது. ஆம்பிளைக் கடிகாரம், செவ்வந்தியின் மணிக்கட்டில் வளையல் மாதிரி சுழன்றது. பட்டையில் அவளே கோணியூசியால் இன்னும் மூன்று ஓட்டை போட்டுக் கட்டிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு மூன்று வருஷத்தில் மூன்றே தரம்தான் விழுந்தாள். மாணிக்கம்மாள் திருவதிகைக் கோயிலுக்கு வேண்டிக்கொண்டதால்தான் குறைந்தது என்பாள். இருக்கட்டும் என்று செவ்வந்தி விட்டுவிட்டாள். சுரங்கத்திலிருந்து தோண்டிக் கொட்டிய மண்மேட்டில் மரம் வளர்ப்பதற்காகக் கன்று போடும் நர்சரியில் அவளுக்குக் கான்ட்ராக்ட் வேலை கிடைத்தது. பைகளில் மண் நிரப்புவது, விதை ஊன்றுவது, தண்ணீர் விடுவது. பேச்சு அதிகம் தேவையில்லாத வேலை. அவளுக்குப் பிடித்திருந்தது.

இசைப்பிரியாவைப் போர்ட் பிளேரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை மதிவாணன் அங்கே எலக்ட்ரீசியன். அவன் அம்மா அமிர்தம் திருவதிகையில் பிறந்தவள், கல்யாணமாகிப் போய் நாற்பது வருஷமாகத் தீவில் இருக்கிறவள். 2013-இல் இசைப்பிரியா உண்டானாள். தலைப்பிரசவம், ஏழாம் மாதம் தாய்வீட்டுக்கு வர வேண்டியவள். ரத்த அழுத்தம் ஏறுகிறது, பயணம் கூடாது என்று அங்கே டாக்டர் சொல்லிவிட்டார். மாணிக்கம்மாள் கிளம்பலாம் என்று பார்த்தால், நவம்பரில் கிணற்றடியில் வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்துவிட்டது.

போனில் இசைப்பிரியா ஒரே வார்த்தையாகச் சொன்னாள்: "அக்காவ அனுப்புங்க."

"அவளையா? கப்பல்ல மூணு நாளு, பாப்பா! நடுக்கடல்ல வந்துச்சின்னா?" என்றார் ராயப்பன்.

"நடுவூட்லயுந்தான்பா வருது. எனக்கு அக்காதான் வேணும்."

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள். செவ்வந்தி அடுப்படியில் நின்று கேட்டாள். முப்பத்து நாலு வயது வரை அவளை எல்லாரும் பார்த்துக்கொண்டார்கள். என்னைப் பார்த்துக்கொள்ள நீ வா என்று யாரும் அழைத்ததில்லை. அன்றைக்குக் குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டாள்.

விமானத்தில் போவதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் யோசிக்கவில்லை. அந்தப் பக்கத்து ஜனம் அந்தமானுக்குப் போவதென்றால் கப்பல்தான். ராயப்பன் துணைக்கு வருவதென்று முடிவாயிற்று. கிளம்புவதற்கு முந்தின நாள் அவர் மகளைக் கூப்பிட்டார்.

"தோ பாரு. சம்மந்தியம்மாவுக்கு உன் சங்கதி தெரியாது. கல்யாணத்துல தலைசுத்தல்னுதான் சொல்லிகிறோம். அங்க போயி வந்துடுச்சின்னா, புள்ளைய உன் கையால தொட வுடமாட்டாங்க. பாப்பாவுக்கும் பேச்சு வரும். ஜாக்கிரதை."

ஜாக்கிரதையாக இருந்தால் வராமல் இருக்கிற சாமான் இல்லை அது. அது அப்பாவுக்கும் தெரியும்.

டிசம்பர் முதல் வாரம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறினார்கள். கப்பலின் அடித்தட்டில் பெரிய கூடம், அதில் வரிசை வரிசையாக இரும்புக் கட்டில்கள், ஒன்றின் மேல் ஒன்று. செவ்வந்திக்கு மேல் படுக்கை. ராயப்பனுக்கு எதிர் வரிசையில். அவளுக்குக் கீழ்ப் படுக்கையில் ஒரு அம்மாள் ஏற்கெனவே மூட்டைகளை அடுக்கி, காலை நீட்டி, வெற்றிலையும் போட்டுவிட்டாள். திட்டக்குடிப் பக்கம், பேர் வீராயி. புருஷன் கண்ணையன் கொத்தனார். இரண்டு பேரும் தீவில் கட்டட வேலைக்குப் போய்வருகிறவர்கள்.

செவ்வந்தி மேல் படுக்கையை அண்ணாந்து பார்த்தாள். அவள் உயரத்துக்கு மேலே இருந்தது. தூக்கத்தில் வந்தால் கீழே இரும்புத் தரை.

"தலை சுத்தும்னு சொல்லிக் கேளு" என்று ராயப்பன் காதோரம் சொன்னார்.

அவள் வீராயியின் அருகில் போய் நின்றாள். வீராயி அண்ணாந்து பார்த்து, "இன்னா தங்கச்சி, எடம் மாத்திக்கணுமா? எனக்கு முட்டி வலி, ஏற முடியாது. வேற ஆளப் பாரு" என்றாள்.

தலைச்சுற்றல் என்றால் வீராயி எழுந்திருக்கமாட்டாள் என்பது செவ்வந்திக்குப் புரிந்தது. கப்பலில் யாருக்குத்தான் தலை சுற்றாது?

"எனக்கு வலிப்பு வரும்க்கா. மேல படுத்தா உழுந்துருவேன்."

அந்த வார்த்தையை வெளியாளிடம் அவள் சொல்வது அதுதான் முதல் தடவை. எதிர் வரிசையில் ராயப்பன் துண்டை உதறி முகத்தை மூடிப் படுத்துக்கொண்டார்.

வீராயி வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினாள். "அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? யோவ், எழுந்திரு. மூட்டைய மேல போடு" என்று கண்ணையனை அதட்டினாள். "முட்டி வலின்னியே?" என்றார் அவர். "நீ தூக்கி வுடுவ. எதுக்குக் கட்டிகினு வந்தன் உன்ன?" சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். இரண்டு பேர் சேர்ந்து வீராயியை மேலே ஏற்றிவிட்டார்கள். மேலேயிருந்து எட்டிப் பார்த்து அவள் கேட்டாள்: "வந்தா இன்னா செய்யணும் தங்கச்சி? சொல்லி வையி."

செவ்வந்தி சொன்னாள். ஒருக்களித்துப் படுக்க வைக்கணும். தலைக்கு மெத்தென்று ஏதாவது வைக்கணும். வாயில் எதையும் திணிக்கக் கூடாது, கையில் எதையும் கொடுக்கக் கூடாது, கை காலை அமுக்கிப் பிடிக்கக் கூடாது. மணி பார்க்கணும். அஞ்சு நிமிஷத்தில் நிற்காவிட்டால் டாக்டரைக் கூப்பிடணும். அவ்வளவும் சொல்லி முடித்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தாள். யாரும் ஒரு முழம் தள்ளி உட்காரவில்லை. தள்ளி உட்கார இடமும் இல்லை.

அன்றே கப்பல் டாக்டரின் அறைக்கும் போய் மாத்திரைச் சீட்டைக் காட்டிவிட்டு வந்தாள். ராத்திரிச் சாப்பாடு ஏழு மணிக்கே கொடுத்துவிட்டார்கள்.

"சாப்டாச்சில்ல, போட்டுக்கயேன்" என்றார் ராயப்பன்.

"எட்டு ஆவட்டும்பா."

எட்டு மணிக்கு அவரே தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார்.

சனிக்கிழமை முழுக்க வெயில். மேல்தட்டில் நின்று அவள் கடலைப் பார்த்தாள். நாலா பக்கமும் ஒரே நீலம், ஒரு மரம் இல்லை. கன்று நட ஒரு பிடி மண்கூட இல்லையே என்றுதான் அவளுக்குத் தோன்றியது. ஆனாலும் பார்க்கப் பார்க்க அலுக்கவில்லை. குளிக்கப் போனபோது சொம்பு இல்லை, பிளாஸ்டிக் மக்கால் சுவரில் தட்டினாள். வெளியே வரிசையில் நின்ற வீராயி, "உள்ள இன்னாடி, தாளம் கத்துக்கிறியா?" என்று கத்தினாள். விஷயம் தெரிந்த பிறகு, தட்டு நின்றால் அவளே வெளியிலிருந்து கதவைத் தட்டினாள். "தங்கச்சி, பதில் தாளம் போடு!"

சனிக்கிழமை ராத்திரி கடல் மாறிவிட்டது. கூடமே ஏறி இறங்கியது. வாந்தி எடுக்காதவர்கள் குறைவு. ஒருவரும் தூங்கவில்லை. காலை எட்டு மணிக்கு மாத்திரை போட்ட கையோடு செவ்வந்தியும் வாந்தி எடுத்தாள். மாத்திரை முழுசாக வந்து விழுந்தது. சுவரைப் பிடித்துப் பிடித்து டாக்டர் அறைக்குப் போனாள். அவர் வாந்திக்கு ஒரு மாத்திரை கொடுத்து, வயிறு அடங்கியதும் வலிப்பு மாத்திரையைத் திரும்பப் போடச் சொன்னார். வயிறு அடங்க ஒன்பதரை ஆயிற்று. அப்படியே செய்தாள்.

பதினொரு மணி இருக்கும். திடீரென்று மழையில் நனைந்த பழுப்பு நிலக்கரியின் வாடை அடித்தது. நடுக்கடலில் நிலக்கரி ஏது? வலிப்புக்கு முன்னால் வரும் வாடை அது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"வீராயக்கா" என்றாள். கட்டிலிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தாள். அவ்வளவுதான் ஞாபகம்.

கண் திறந்தபோது ஒருக்களித்துக் கிடந்தாள். தலைக்கடியில் மடித்த சேலை. நாக்கு ஓரத்தில் உப்புக் கரித்தது. எங்கேயோ தூரத்தில் வீராயி யாரையோ ஏசிக்கொண்டிருந்தாள். மெல்ல மெல்ல அது பக்கத்தில் வந்தது.

"சாவியத் தூக்கிகினு வரான் பாரு! அதான் கையில ஒண்ணும் குடுக்காதன்னு அந்தப் புள்ள படிச்சிப் படிச்சி சொல்லிச்சே. நீ இன்னாத்த கேட்டுகினு இருந்த?"

டிரங்குப் பெட்டியின் இரும்புச் சாவியை வைத்துக்கொண்டு கண்ணையன் திருதிருவென்று நின்றார். "எங்க ஊர்ல இதான் குடுப்பாங்க" என்றார்.

"உங்க ஊர்ல குடு."

பிறகு வீராயி குனிந்து, "ரெண்டரை நிமிஷம், தங்கச்சி. உன் கைக்கடியாரத்துலதான் பார்க்கலாம்னு பார்த்தன். கையி ஆடற ஆட்டத்துல முள்ளு எங்க நிக்குதுன்னே தெர்ல. செல்போன்ல பார்த்தன்" என்றாள்.

செவ்வந்திக்குச் சிரிப்பு வந்தது. தாடை வலித்ததால் முழுசாகச் சிரிக்க முடியவில்லை.

ராயப்பன் மேல்தட்டிலிருந்து யாரோ சொல்லி ஓடிவந்தார். வந்தவர் முதலில் தோள் துண்டை எடுத்து மகளை மூடப் பார்த்தார். "காத்து வரட்டும், வுடுங்க பெரியவரே" என்று ஒருவர் தடுத்தார். ராயப்பன் சுற்றிப் பார்த்தார். கூடம் முழுக்கப் பார்த்துவிட்டது. ஆனால் அதற்குள் பாதிப் பேர் அவரவர் வாந்தியைக் கவனிக்கப் போய்விட்டார்கள். ஒரு பொம்பளை எலுமிச்சம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தாள். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, தூங்கட்டும் என்று சொல்லிப் போனார். இருபது வருஷத்துக்கு மேலாக ராயப்பன் எதற்குப் பயந்தாரோ அது நடந்து முடிந்து கால் மணி நேரம் ஆகியிருந்தது.

சாயங்காலம் அவள் எழுந்தபோது அப்பா கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார்.

"நைட் ஷிப்ட்ட அப்பவே மாத்திக் கேட்டிருக்கலாம்" என்றார். "கேட்டா ஏன்னு கேப்பானுங்களேன்னு கேக்கல."

"அது எனக்குத் தெரியும்பா."

"நாளிக்கு எறங்கினதும்... இங்க நடந்தது அவங்களுக்கு..."

"நானே சொல்லிடறேன்பா. வீராயக்காவுக்குச் சொன்னதாலதான் கீழ எடம் கெடச்சிது. மேலேருந்து உழுந்திருந்தா இன்னா ஆயிருக்கும்?"

ராயப்பன் மேல் படுக்கையைப் பார்த்தார். அங்கே வீராயி வாய் பிளந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை இறங்கினார்கள். மதிவாணன் வந்து வீட்டுக்கு அழைத்துப் போனான். வாசலில் இசைப்பிரியா நிறைமாத வயிற்றோடு நின்று அழுதாள். அமிர்தம் காபி கொண்டுவந்து வைத்தாள். செவ்வந்தி டம்ளரைத் தொடவில்லை.

"அத்த, ஒண்ணு சொல்லணும். எனக்குச் சின்ன வயசுலேருந்து வலிப்பு இருக்குது. நேத்து கப்பல்லகூட வந்துது. மாத்திர சாப்டறேன். உங்களுக்குத் தெரியணும்னு சொல்றேன்."

அமிர்தம் உட்காரவில்லை. ராயப்பனைப் பார்த்தாள். "மூணு வருஷமா தலைசுத்தல்னு சொல்லிகினு இருந்தீங்களே, இதானா சம்மந்தி?"

ராயப்பன் தரையைப் பார்த்தார். "தப்புதாங்க" என்றார்.

"தப்புதான். வலிப்பு ஒண்ணும் தப்பில்ல, மறைச்சது தப்பு." அந்தக் கோபம் ராயப்பன் ஊர் திரும்பும் வரை அவளுக்குத் தீரவில்லை. அவர் தட்டில் மீன் துண்டு ஒன்று குறைவாகவே விழுந்தது. ஆனால் செவ்வந்தி பக்கம் திரும்பியபோது அவள் கேட்ட கேள்வி வேறு. "வர்றதுக்கு முன்னாடி உனக்குத் தெரியுமா?"

"சில நேரம் வாட வரும். சில நேரம் தெரியாது."

அமிர்தம் யோசித்தாள். "அப்ப இப்பிடி வச்சிக்கலாம். கொழந்தைய நின்னுகினு தூக்காத. பாயில ஒக்காந்து வாங்கிக்க. கொழந்தைக்குத் தண்ணி ஊத்தறது நானு. அடுப்புகிட்ட நீ தனியா நிக்க வேணாம். ராத்திரி நீ தூங்கணும், முழிக்கிறது நானும் இவனும். காப்பி ஆறுது, குடி."

பதினாறாம் நாள் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அமிர்தம் கூடத்தில் கோரைப்பாயை விரித்து, ஓரத்தில் இரண்டு தலையணை போட்டு, "ஒக்காரு" என்றாள். செவ்வந்தி உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினாள். குழந்தையை மடியில் வாங்கியதும் பழக்கதோஷத்தில் மணியைப் பார்த்தாள். ஏழு ஐம்பது. "இன்னும் பத்து நிமிஷம் வச்சிகினு இருக்கலாம்" என்றாள். இசைப்பிரியா சிரித்தாள்.

மூன்று மாதம் இருந்துவிட்டு, தீவுக்கு வந்திருந்த ஊர்க்காரக் குடும்பத்தோடு அதே மாதிரி கப்பலில் திரும்பினாள். ஏறியதும் பக்கத்துப் படுக்கைக்காரியிடம் அவளே போய்ப் பேசினாள்.

இது 2019. செவ்வந்திக்கு நாற்பது வயது. நர்சரியில் அதே கான்ட்ராக்ட் வேலைதான் செய்கிறாள், கூட வேலை செய்கிறவர்கள் எல்லாருக்கும் அவளுக்கு வலிப்பு இருப்பது தெரியும். கடைசியாக வந்து பதினான்கு மாதம் ஆகிறது. இரண்டாவது தடவையும் கடல் கடந்து போய் வந்துவிட்டாள். அந்தப் பிள்ளைக்கு ஐந்து வயது, அவளைக் கப்பல் பெரியம்மா என்று கூப்பிடுகிறது. குளியலறைக்குக் கொண்டி இன்னமும் போடுவதில்லை. காலையில் எட்டு, ராத்திரி எட்டு, மாத்திரை தவறுவதில்லை.